திண்டிவனம் வெயிலுக்கு எந்த நாய்?

கத்திரி தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. திண்டிவனத்தில் ஒரு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். மதியம் இரண்டு மணி. எதிர்வீட்டுப் போர்டிகோவில், கிரில் கேட்டுக்குப் பின்னால், நனைத்துப் போட்ட சாக்கின் மேல் ஒரு சைபீரியன் ஹஸ்கி படுத்திருந்தது. சாம்பலும் வெள்ளையுமாக அடர்ந்த ரோமம், நீலக் கண்கள். நாக்கு முழுசாக வெளியே வந்து, நுனி அகன்று, அகப்பை போலக் குழிந்திருந்தது. அதன் ஓரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கிச் சாக்கில் விழுந்துகொண்டிருந்தது. விலா துடித்த வேகத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணத் தொடங்கினேன். பதினைந்து விநாடி முடிவதற்குள் எழுபதைத் தாண்டிவிட்டது.

அந்த வீட்டுப் பையன் ஒரு வாளித் தண்ணீரோடு வெளியே வந்தான். "எப்பவும் ஏசி ரூம்லதாண்ணா இருக்கும். காலையிலேர்ந்து கரண்ட் இல்ல. அரை மணிக்கு ஒரு தடவை தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கேன்" என்றான். முகத்தில் தூக்கமே இல்லை. ஆறு மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய நாய். அவனுக்கு அதன் மேல் உயிர். அந்த அன்பில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. நாயை வாங்குவதற்கு முன்னால் அவனிடம் யாராவது உட்கார்ந்து, இந்த மண்ணின் வெயிலையும் ஒரு நாயின் உடம்பையும் பற்றி அரை மணி நேரம் பேசியிருக்க வேண்டும். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாய் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முகத்தைப் பார்த்துத் தொடங்குகிறார்கள். கண் நீலமா, காது நிமிர்ந்ததா, படத்தில் பார்த்த மாதிரி இருக்கிறதா என்று. விழுப்புரம் மாவட்டத்தில் வாழ்பவர் முதலில் பார்க்க வேண்டியது மூக்கையும் ரோமத்தையும். ஏன் என்பது நாய் எப்படித் தன் உடம்பைக் குளிர்விக்கிறது என்று தெரிந்தால் புரியும்.

நமக்கு உடம்பு முழுக்க வியர்வைச் சுரப்பிகள். சட்டை நனைந்து, காற்று பட்டதும் குளிர்ந்துவிடுகிறோம். நாய்க்கு இப்படி வியர்ப்பது பாதத்தின் அடியில் மட்டும்தான்; அது உடம்பைக் குளிர்விக்கப் போதாது. நாயின் சராசரி உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடம்பின் சூடு தானாகவே வெளியேறும். கத்திரியில் நம் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தொடும் மதியங்களில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. காற்றே நாயைவிடச் சூடு. அப்போது சூடு வெளியேற மிச்சமிருப்பது ஒரே வழி, நீர் ஆவியாவது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நாக்கிலும் வாயிலும் மூக்கின் உட்சுவரிலும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கத்தான் நாய் இரைக்கிறது.

அந்த இரைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. சும்மா படுத்திருக்கும் நாய் நிமிடத்துக்கு இருபது, முப்பது தடவை மூச்சு விடும். சூடு ஏறும்போது அது படிப்படியாக ஐம்பது, நூறு, நூற்றைம்பது என்று கூடுவதில்லை. ஒரேயடியாக 300-க்கு மேல் தாவிவிடும். 1962-இல் கிராஃபோர்டு என்ற உடலியல் ஆய்வாளர் இதை அளந்து காரணத்தையும் சொன்னார். நாயின் நெஞ்சுக்கூடும் நுரையீரலும் சேர்ந்து ஒரு வில் போல வேலை செய்கின்றன. அந்த வில்லுக்கு அதற்கே உரிய ஆட்ட வேகம் ஒன்று உண்டு. நாய் இரைப்பது அந்த வேகத்தில்தான். ஊஞ்சலில் குழந்தையை ஆட்டும்போது, அது திரும்பி வரும் சரியான நொடியில் ஒரு விரலால் தள்ளினாலே போதும், உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் தோள் வலிக்கும். நாயும் சரியான தாளத்தில் இரைப்பதால் தசைகளுக்கு வேலை குறைகிறது. இல்லாவிட்டால், குளிர்ச்சிக்காக இரைக்கும் உழைப்பே உடம்பில் மேலும் சூட்டைக் கிளப்பிவிடும்.

காற்று போகும் பாதையிலும் ஒரு ஒழுங்கு. 1970-இல் க்னுட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய சகாக்களும், இரைக்கும் நாய் மூக்கு வழியாக உள்ளே இழுத்து வாய் வழியாக வெளியே விடுகிறது என்று காட்டினார்கள். மூக்கின் உள்ளே மடிப்பு மடிப்பாகச் சுருண்ட மெல்லிய எலும்புத் தகடுகள். அவற்றின் மேல் ஈரமான சவ்வு. வறண்ட காற்று அதன் மேல் உரசிப் போகும்போது ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. திரும்பவும் அதே வழியாக வெளியேறினால் எடுத்த ஈரத்தில் ஒரு பங்கை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். அதனால் வாய் வழியாக அனுப்பிவிடுகிறது. நீளமான மூக்கு என்பது நாய்க்கு வெறும் மோப்பக் கருவி அல்ல, குளிரூட்டியும் அதுதான்.

இப்போது ஹட்ச் நாயை நினைத்துப் பாருங்கள். பக் என்ற பெயரைவிட இந்தப் பெயர்தான் நம் ஊரில் நிலைத்துவிட்டது. 2003-இல் ஹட்ச் கைப்பேசி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய அந்தக் குட்டியைப் பார்த்து ஆசைப்படாத வீடு இல்லை. அதன் முகத்தைக் குட்டையாக்கும்படி மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தார்கள். எலும்பு குட்டையானது, உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. அதே நாக்கு, அதே மேலண்ணம், சின்னப் பெட்டிக்குள் திணிக்கப்பட்டது போல இருக்கிறது. மூக்குத் துளைகள் கீறலாகச் சுருங்கியிருக்கின்றன. தூங்கும்போது அது விடும் குறட்டையை நாம் செல்லமாக ரசிக்கிறோம். அது காற்றுக்குப் போராடும் சத்தம். பிரிட்டனில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் 2016-ஆம் ஆண்டு மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, லேப்ராடரோடு ஒப்பிட்டால், பக்கைப் போலவே முகம் குட்டையான புல்டாகுக்கு வெப்ப நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 மடங்கு என்று தெரிந்தது. அடர்ரோமம் கொண்ட சௌ சௌ நாய்க்கு 16 மடங்குக்கும் மேல். அது பிரிட்டனின் வெயில். நம் மே மாதத்தைச் சொல்லவே வேண்டாம்.

வெயிலைவிடப் பொல்லாதது புழுக்கம். விழுப்புரத்திலிருந்து கடல் நாற்பது கிலோமீட்டர் தூரத்துக்குள். திண்டிவனத்துக்கு மரக்காணம் இன்னும் பக்கம். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்தால் வெப்பமானி ஒன்றிரண்டு டிகிரி இறங்கும், காற்றில் ஈரம் ஏறும். சட்டை காயாத அந்த மாலைகளில் நாயின் நாக்கும் காயாது. ஈரம் ஆவியாகாவிட்டால் எத்தனை இரைத்தும் பயனில்லை. உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகக் கெடத் தொடங்கும். அந்த நிலையில் உடனே வண்டியில் போட்டு மருத்துவமனைக்கு ஓடுவதுதான் பலருக்கும் தோன்றும். முதலில் குளிர்விக்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுவந்து, குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ரோமத்தின் அடி நனையும்படி ஊற்றி, ஃபேனையோ விசிறியையோ வையுங்கள். பிறகு கிளம்புங்கள். ஈரத்துண்டை மேலே போர்த்தக் கூடாது. சற்று நேரத்தில் துண்டு சூடாகி, உள்ளே இருக்கும் வெப்பத்தை மூடிவிடும். அந்தத் திண்டிவனத்துப் பையன் தெரிந்தோ தெரியாமலோ சரியானதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

ஹஸ்கியின் சிக்கல் மூக்கு அல்ல. அதற்கு நல்ல நீள மூக்கு. மேலே நீண்ட ரோமம், அடியில் பஞ்சு போல இன்னொரு ரோமம் என இரண்டு அடுக்குப் போர்வையோடு பிறந்த விலங்கு அது. பனியில் வண்டி இழுத்த நாயின் வாரிசு; தினமும் பல மைல் ஓடியே தீர வேண்டும் என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. ஏசி அறை வெப்பத்தைத் தீர்க்கும், ஓட்டத்தைத் தராது. நமது சோறும் அதற்கு அவ்வளவு ஒத்துவராது. 2013-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள் இருக்க, நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது வரை பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதன் பயிர்செய்து தின்ற மிச்சத்தைத் தின்று வாழ்ந்த தடம் அது. அடுத்த ஆண்டு இனவாரியாகப் பார்த்தபோது, மேற்கு ஆசியாவின் வேட்டை நாயான சலூக்கியிடம் 29 பிரதிகள். விவசாயமே இல்லாத பனிநாட்டிலிருந்து வந்த ஹஸ்கியிடம் மூன்று, நான்கு. தயிர்சாதத்தில் வளரும் நாய் என்று நாம் பேசுவதற்குப் பின்னால் பல ஆயிரம் ஆண்டு வேளாண்மை இருக்கிறது.

லேப்ராடரைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். குழந்தைகளோடு சேரும், பழகும், பயிற்சிக்குப் பணியும்; எல்லாம் உண்மை. "இப்பத்தான் தின்னுச்சு, மறுபடியும் தட்டையே பாக்குது" என்பதும் அந்த வீடுகளில் தினம் கேட்கும் பேச்சு. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணம் கண்டார்கள். பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதால், வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ராடருக்கு இந்தக் குறை உண்டு. அந்தப் பார்வைக்கு இரங்கி ஆளுக்கு ஒரு கை சோறு போடும் கூட்டுக்குடும்பத்தில் லேப் இரண்டே வருடத்தில் பீப்பாய் ஆகிவிடும். கொழுப்பேறிய நாய்க்கு வெயில் இரட்டிப்பாக அடிக்கும், இடுப்பெலும்பும் தேயும். வீட்டில் யாராவது ஒருவர் அளந்து போடுபவராக இருந்தால் மட்டும் லேப் வாங்குங்கள்.

உடம்புக்கு அடுத்தது நேரம். விழுப்புரம் ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரியும் ஊர். சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று வண்டி ஓயாது. வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் அதிகம். ஒருவருக்கு இரவுப் பணி, இன்னொருவர் விடியற்காலை ரயிலில் சென்னைக்குப் போய் இரவு திரும்புகிறவர். பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் ஓர் அல்சேஷனை விட்டுவிட்டுப் போனால் அது சோபாவைக் கிழிக்கும், கேட்டைக் கீறும், தன் காலையே நக்கிப் புண்ணாக்கும். கெட்ட நாய் என்று பெயர் வரும். ஆடு மேய்க்கவென்று நாளெல்லாம் ஒரு மனிதனின் குறிப்பைப் பார்த்து ஓட உருவாக்கப்பட்ட மூளை அது. அதற்கு வேலை இல்லாததுதான் நோய்.

காலம் இன்னொரு பக்கத்திலும் கணக்குப் பார்க்கும். நாயின் ஆயுள் பத்திலிருந்து பதினாலு வருடம். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை அடம்பிடித்துக் குட்டி வாங்க வைக்கும். மூன்றாம் வருடம் சென்னையிலோ கோவையிலோ விடுதியில் சேர்ந்துவிடும். மிச்சமுள்ள பத்து வருடமும் நாயின் சங்கிலி அப்பா அம்மாவின் கையில். ஆகவே இனத்தைத் தேர்ந்தெடுப்பவர் பிள்ளையாக இருந்தாலும், அறுபது வயதில் முழங்கால் வலியோடு அதைப் பிடித்து நடக்கப் போகிறவர் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பாமரேனியன் என்று நாம் சொல்லும் சின்ன வெள்ளை நாய், சரியாகச் சொன்னால் இந்தியன் ஸ்பிட்ஸ், நம் ஊர் மாடிவீடுகளில் இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் இதுதான். சத்தம் போடும், ரோமத்தை வாராவிட்டால் சிக்கு விழும், ஆனால் வயதானவர் ஒரு கையால் தூக்கிவிடலாம்.

தூக்க முடியுமா என்பதை நான் சும்மா சொல்லவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை பெருகி, அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையையே மூழ்கடித்தது. விழுப்புரம் தாழ்வுப் பகுதிகளில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஐந்து கிலோ நாயை அணைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடலாம். முப்பத்தைந்து கிலோ நாய் பயந்து திமிறும்போது அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பெரிய நாய் வளர்ப்பவர் வெள்ளத்துக்கு முன்பே அதைப் படியேறப் பழக்கி வைத்திருக்க வேண்டும். நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டு ஊருக்குப் போவது இந்த மாவட்டத்தில் வடகிழக்குப் பருவத்தில் செய்யவே கூடாத காரியம். வெள்ளம் வடிந்த சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கும். அதற்கு நாய்க்குத் தடுப்பூசி உண்டு.

சரி, நம் மண்ணின் இனங்கள்? இங்கே எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இந்த நாய்களின் மேல் எனக்கு இருக்கும் மதிப்பு அதிகம். விழுப்புரத்துக்குப் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது, 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆநிரைப் பூசலில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். அவன் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கல்லில் வெட்டிய ஊர்க்காரர்கள் நாம். இந்திய நாயினங்களைப் பற்றி நூல் எழுதிய சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் விடாமல் பேசியதால் இந்த நாய்கள் பக்கம் மறுபடியும் கவனம் திரும்பியிருக்கிறது. 2005-இல் அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் வேட்டையாடும் நாய்கள். ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு, விலா எலும்பு தெரியும் மெல்லிய தோல், ஊசி போல நீண்ட முகம். கொழுப்பே இல்லாத, குட்டை ரோமம் படிந்த இந்த உடம்பு வெப்பத்தை வெளியேற்றவே வார்த்தது போல இருக்கும். நம் வெயில் அதற்கு வெயிலே இல்லை. ஆனால் தூரத்தில் ஏதாவது ஓடினால் அது எழுந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. பக்கத்து வீட்டுக் கோழியும் பூனையும் அதற்கு முயல்தான். திண்டிவனம் புறவழிச்சாலையை ஒட்டி வீடு வைத்திருப்பவர் இதைச் சங்கிலி இல்லாமல் வெளியே விட்டால் லாரிக்குக் கொடுத்த மாதிரி. முயல் வேட்டைக்கென்று இதை வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நாலு பக்கமும் வேலி போட்ட தோப்பு, காலையிலும் மாலையிலும் நாயோடு ஓட ஓர் இளைஞன். இவ்வளவும் இருந்தால் கன்னியைப் போலத் துணை கிடையாது.

ராஜபாளையம் வேறு மாதிரி. பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. ஓர் ஆளிடம் உயிராக ஒட்டும். வேற்றாளை வாசலில் நிறுத்தும். வருவோர் போவோர் அதிகமுள்ள வீட்டுக்கும் கடைக்கும் ஏற்றதல்ல. வாங்கும் முன் ஒன்றைச் சோதித்தே ஆக வேண்டும், காது. அந்த வெள்ளைக்கும் காதுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கருவில், தோலுக்கு நிறம் தரும் மெலனின் செல்கள் முதுகு ஓரத்திலிருந்து கிளம்பி உடம்பெங்கும் பரவுகின்றன. அவற்றில் சில உட்செவிக்கும் போக வேண்டும். அங்கே அவற்றின் வேலை நிறம் தருவது அல்ல. ஒலியை மின்துடிப்பாக மாற்றும் மெல்லிய மயிர்ச்செல்களைச் சூழ்ந்த திரவத்தில் பொட்டாசியம் அளவைக் காத்து நிற்பது. வெள்ளை நாயில் இந்தச் செல்கள் காதுவரை போய்ச் சேராமல் போனால், பிறந்த மூன்று நான்கு வாரத்தில் மயிர்ச்செல்கள் மடிந்துவிடும். டால்மேஷனிலும் இதே கதைதான்.

செவிட்டுக் குட்டியைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது. மற்றவை எழுந்தால் அதுவும் எழும், ஓடினால் ஓடும். தனியே தூங்கவிட்டு, பார்வைக்கும் காற்று வீச்சுக்கும் எட்டாத தூரத்தில் நின்று கை தட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதிலும் தப்பிவிடும். அதற்கு மூளைத்தண்டின் மின்துடிப்பை அளக்கும் பரிசோதனை இருக்கிறது. வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, நமக்குப் பக்கமான புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேட்டு விசாரிக்கலாம். காது கேளாத நாயும் கைச்சாடைக்குப் பழகி நன்றாக வாழும். தெரியாமல் வாங்கி, பின்னால் வந்து தொட்டதும் திடுக்கிட்டுக் கடித்துவிட்டது என்று விரட்டுவதுதான் கொடுமை. தாயையும் தந்தையையும் காட்டச் சொல்லிப் பார்ப்பதும் அவசியம். எண்ணிக்கை சுருங்கிப்போன இனங்களில் அண்ணன் தங்கையையே இணைசேர்க்கிற வழக்கம் இருக்கிறது; மறைந்திருக்கும் குறைகள் அங்கேதான் மேலே வரும்.

தேனி மாவட்டத்துக் கோம்பை இன்னும் முரட்டுக் காவல் நாய். முதன்முறையாக நாய் வளர்ப்பவர் அதில் தொடங்க வேண்டாம் என்பேன்.

இனம் இனம் என்று இவ்வளவு பேசிய பிறகு, அந்தச் சொல்லின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் நாயின் குணத்தைக் கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம்தான். இனத்தைக் கேட்டால் ரோமம், மூக்கு, எடை, ஓரளவு ஓட்டமும் வேட்டையும் தெரியும். சாதுவா, சிடுசிடுப்பா, பயந்தாங்கொள்ளியா என்பது தெரியாது. 2024 மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஒரு சிறுமியைக் குதறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒன்றிய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி அனுப்பிய கடிதம் நீதிமன்றங்களில் நிற்கவில்லை. கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலிலேயே அதை ரத்து செய்தது. என் கருத்தில், அத்தனை பலமுள்ள தாடையை நெருக்கமான தெருவில் வைத்துக்கொள்ள யாருக்கும் தேவை இல்லை. ஆனால் பட்டியலில் இல்லாத இனம் என்பதால் மட்டும் எந்த நாயும் நல்ல நாய் ஆகிவிடாது.

குணத்தின் பெரும்பகுதி உருவாகும் காலம் மிகக் குறுகியது. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து இனக் குட்டிகளை ஏறத்தாழ இருபது வருடம் கவனித்து 1965-இல் நூலாக எழுதினார்கள். குட்டிக்கு மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலாம் வாரம்வரை ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்த நாட்களில் பார்த்த மனிதர், கேட்ட பட்டாசு, மோந்த மாடு, ஏறிய ஸ்கூட்டர் எல்லாம் அதற்குப் பழகிய உலகம். அதன் பிறகு வருவதெல்லாம் அந்நியம். இதே வாரங்களில்தான் தாயும் கூடப்பிறந்தவையும், கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிக்குக் கற்றுத் தருகின்றன. முப்பதாம் நாளில் பிரித்து அட்டைப்பெட்டியில் வைத்து விற்ற குட்டி இந்தப் பாடத்தைப் படிக்காமலேயே வளர்கிறது. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளே சொல்கின்றன.

ஆகவே என்னிடம் கேட்டால், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பத்து வீட்டில் ஏழு வீட்டுக்கு நான் சொல்வது நாட்டு நாயைத்தான். யாரும் திட்டமிட்டு இணைசேர்க்காத நாய் அது. குட்டை ரோமம், நீள மூக்கு, நடுத்தர எடை, மெலிந்த வயிறு. இந்த ஊர் வெயிலும் பசியும் நோயும் சலித்துச் சலித்து மிச்சம் வைத்த உடம்பு. பல வம்சம் கலந்ததால் ஒரே குறை இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு குறைவு. உண்ணிக் காய்ச்சலும் பார்வோவும் இதற்கும் வரும். தடுப்பூசி போடாமல் இருக்கக் கூடாது. வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில் கட்டாயம். கருத்தடையும் செய்துவிடுங்கள். அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கன்றுக்குட்டியைப் போலவே இதையும் பிடித்துக்கொண்டு போகலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இந்த வருடம் போகி அன்று மயிலத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் ஒரு மல்லாட்டைக் கொல்லையில் நின்றேன். விதை போட்டு நாலு நாள். காக்கையும் மயிலும் விதையைத் தோண்டாமல் இருக்க, வரப்பில் ஒரு செவலைப் பெட்டை நாய் காவல் இருந்தது. மோட்டார் கொட்டகையின் நிழலில், தண்ணீர்த் தொட்டி கசிந்து நனைந்த மண்ணைப் பறித்துக் குழியாக்கி, ரோமமில்லாத அடிவயிற்றை அதில் பதித்துப் படுத்திருந்தது. வாய் மூடியிருந்தது, இரைக்கவே இல்லை. மூன்று குட்டிகள் அதன் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று தாயின் காதைக் கடித்தது. தாய் பல்லைக் காட்டி ஒரு உறுமல் விட்டதும் விட்டுவிட்டது.

"ஆயா, இதுல ஒண்ணு குடுங்களேன், விழுப்புரத்துல ஒரு வூட்ல புள்ளைங்க கேக்கறாங்க" என்றேன். களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்கார அம்மா விரலை மடக்கி எண்ணினார்.

"இன்னியோட நாப்பது நாளு ஆவுது. இப்ப பிரிச்சா ராத்திரி பூரா கத்தும்பா. தை பதினாறு கழிச்சு வா. வர்றப்போ அந்தப் புள்ளைங்களையும் இட்டுக்கினு வா, எது அதுங்க பின்னால போவுதுன்னு பாப்போம்."